மூன்று விரல் வெள்ளிக் கை

பென்னலூர் ஜெயம் எல்லையம்மனிடம் இதுவரை மூன்றே முறைதான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் போய்க் கையேந்தி நிற்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கேட்டால் கொடு, கொடுத்தால் செய்கிறேன் என்று நேருக்கு நேர் பேசுகிறவள்.

கல்யாணமாகி ஏழு வருடம் வயிறு திறக்காமல் இருந்தபோது முதல் முறையாகப் பிள்ளை கேட்டாள். கோயில் வேப்பமரத்தில் மஞ்சள் துணியால் தொட்டில் கட்டி, அதில் ஒரு கூழாங்கல்லைப் படுக்க வைத்து ஆட்டிவிட்டு வந்தாள். ரஞ்சனி பிறந்தாள். முதல் முடியை அந்த மரத்தடியிலேயே இறக்கினார்கள்.

இரண்டாவது முறை, ரஞ்சனி பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம். ஜெயம் களை பறித்த கழனியெல்லாம் அதற்குள் கம்பெனிச் சுவராகிவிட்டது. "தாயே, எங்கனா ஒரு கம்பெனில எம்பொண்ண உள்ள சேத்துடு. இன்னா வேலையா இருந்தாலும் சரி. ஆடில மூணு குடம் கூழ் ஊத்தறேன்" என்றாள். ஆடி பிறப்பதற்குள் ஒரகடத்தில் கார் பிரேக்குக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி ரஞ்சனியைக் காண்ட்ராக்டில் எடுத்துக்கொண்டது. பிரஸ் மிஷின் லைன். தகட்டை உள்ளே வைக்க வேண்டும், மிஷின் இறங்கி அழுத்தும், எடுக்க வேண்டும். சந்தோஷத்தில் ஜெயம் மூன்று குடத்துக்கு ஐந்து குடமாக ஊற்றினாள்.

இன்னா வேலையா இருந்தாலும் சரி என்று சொன்ன அந்த வாயை அவள் பிறகு எத்தனை முறை அடித்துக்கொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது முறை போன கார்த்திகையில். கை உள்ளே இருந்தால் மிஷின் இறங்கக் கூடாது. அதைப் பார்த்து நிறுத்துவதற்கென்றே கண் மாதிரி ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். அது அடிக்கடி நிறுத்துவதால் எண்ணிக்கை குறைகிறதென்று அந்தக் கண்ணுக்கு யாரோ டேப் ஒட்டிவிட்டார்கள். இன்றைக்கு வரைக்கும் யாரோ என்றுதான் சொல்கிறார்கள். ரஞ்சனியின் வலது கை உள்ளே இருந்தபோது மிஷின் இறங்கியது.

சேதி வந்ததும் ஜெயம் புருஷன் முனிரத்தினத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அவள் ஓடியது கோயிலுக்கு. உச்சி வேளை, நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினாள். "எம்பொண்ணு கைய எனக்குத் திருப்பிக் குடு. வெள்ளில கை வாங்கி உங் காலடில வெக்கறேன்."

டாக்டர்கள் கையைக் காப்பாற்றினார்கள். மோதிர விரலையும் சுண்டு விரலையும் காப்பாற்ற முடியவில்லை.

கண் நோவுக்குக் கண், கால் நோவுக்குக் கால் என்று தகட்டில் அடித்த உருவை வாங்கிச் சாமிக்கு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வைக்காமல் விட்டால் அம்மன் விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடிப்பாள் என்பது ஜெயத்தின் பயம். மூன்று மாதம் அதைத் தள்ளிப்போட்டாள். இப்போது கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் ஷிப்ட், அதே லைன்.

"போவாதடி ரஞ்சி."

"போலன்னா பேர எட்த்துடுவாங்கமா. இந்தக் கைய வெச்சுக்கினு வேற எவன் கூப்டுவான்?"

மகள் மறுபடி அந்த மிஷினுக்குள் கை விடுவதற்கு முன்னால் வேண்டுதல் தீர்ந்தாக வேண்டும், மிச்சம் இருக்கிற விரலாவது நிற்க வேண்டும் என்று சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போனாள்.

"வெள்ளிக் கை ஒண்ணு குடுப்பா. மூணு வெரல் வெச்சது கீதா?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கைன்னா அஞ்சுதாம்மா."

"எம்பொண்ணுக்கு மூணுதான் கீது."

"அதுக்கு? சாமிக்கு முழுசாத்தான் வெக்கணும்."

"அவ முழுசா குடுத்தாளா? ரெண்ட வெட்டித் தாப்பா."

"ஐயோ, என் கையால ஆவாது. நானும் புள்ளகுட்டிக்காரன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு அவளே உட்கார்ந்தாள். மெல்லிய தகடு. சுண்டு விரல் ஒரே வெட்டில் போய்விட்டது. மோதிர விரலின் நடுவில் கத்தரி நின்றுவிட்டது. கத்தரிக்கு ஒன்றுமில்லை, பிடித்திருந்த கைதான் நகரவில்லை.

ரஞ்சனி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. வந்து குனிந்து, தகட்டுக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். "இன்னும் கீழ வெட்டுமா. இது அடியோட போச்சு. நீ பாதி உட்டுட்ட."

ஜெயம் வெட்டினாள்.

இரண்டு பேரும் கோயிலுக்குப் போனபோது அங்கே கூட்டம் இல்லை. பூசாரி நாகப்பன் தகட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சுட்ட மாதிரி திருப்பி நீட்டினார்.

"இன்னா ஜெயம் இது? கொறையோட உரு வெக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். வைய்யி."

"ஆத்தா கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்கட்டும். எனக்கு இல்லாத கோவமா?"

நாகப்பன் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். "பாரு. முன்னல்லாம் கண்ணு வரும், காலு வரும், மாட்டு உரு வரும். கம்பெனிங்க வந்த பிற்பாடு கைதான் வருது. ஒண்ணாவது அறுத்துக் கீதா? எல்லாம் முழுக் கை."

டப்பா நிறைய வெள்ளிக் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஜெயம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இவங்கல்லாம் முழுக் கையோடவா கீறாங்க, பூசாரி?"

நாகப்பன் டப்பாவை மூடினார்.

"அஞ்சு வெரல வெச்சா, இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவலன்னு நெனச்சுக்குவா இவ. மூணுதான் மிச்சம்னு இவளுக்குத் தெரிய வேணாமா? தெரியலன்னா எத இன்னான்னு காப்பாத்துவா?" என்றாள் ஜெயம், அம்மனைக் கை காட்டி.

நாகப்பன் பேச்சை மாற்றத் தீர்த்தச் சொம்பை எடுத்தார். ரஞ்சனி இடது கையை நீட்டினாள். மூன்று மாதத்தில் எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான் என்று ஆகிவிட்டிருந்தது.

"சோத்துக் கைல வாங்கும்மா."

துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. அவர் ஊற்றினார். விரல் இல்லாத பக்கமாக வழிந்து தரையில் போயிற்று. மறுபடி ஊற்றினார். மறுபடியும் வழிந்தது. மூன்றாம் முறை ஜெயம் தன் கையை அதற்கு அடியில் கொடுத்தாள். இரண்டு கையுமாகச் சேர்ந்து ஒரு வாய்த் தண்ணீர் தேறியது. ரஞ்சனி குடித்தாள்.

நாகப்பன் வெள்ளித் தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். டப்பாவில் போடவில்லை. அம்மன் காலடியில், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், வெட்டின பக்கம் நன்றாகத் தெரியும்படி வைத்தார்.

"வேண்டிக்கோ ஜெயம்" என்றார் வெளியே வந்து.

"கேட்ட வரிக்கும் போதும்" என்றாள் ஜெயம். சிலையைப் பார்த்து மூன்று விரலை நீட்டிக் காட்டினாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ரஞ்சனி கம்பெனிக் கையுறையை எடுத்து மாட்டிப் பார்த்தாள். வெறும் விரல் இரண்டும் தொளதொளவென்று ஆடின. தொங்குகிற துணியை மிஷின் பிடித்து இழுத்தால் கையே உள்ளே போய்விடும். ஜெயம் கையுறையைக் கழற்றி வாங்கினாள். காலையில் எடுத்த அதே கத்தரியால் இரண்டையும் அடியோடு வெட்டி, ஓட்டையை இரட்டை நூலால் நெருக்கித் தைத்தாள். இந்த முறை கத்தரி எங்கேயும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் கம்பெனி பஸ் வந்தது. ரஞ்சனி கையுறையை மாட்டிக்கொண்டே ஏறினாள்.