ஹெட்லைட்டுக்கு வைத்த பொட்டு

கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். என் கணவரின் பழைய பைக் அதில் மகாராஜா மாதிரி நின்றுகொண்டிருந்தது. அந்த இடத்தில் நிக்கல் முலாம் பூசும் பட்டறை போட வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. பல வருஷம் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் வேலை பார்த்தவள் நான். சொந்தமாக ஒரு தொட்டியாவது வைக்காமல் ஓயமாட்டேன் என்று நின்றேன்.

"அம்மணி, என்ற வண்டியோட ஹெட்லைட் ரிங்கு துருப்பிடிச்சுக் கெடக்குது. அதப் பளபளன்னு பண்ணிக் குடு, ஷெட்டு உனக்கு. இல்லீன்னா வண்டிக்குத்தான்," என்றார்.

உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ரெக்டிஃபையர் கிடைத்தது. வீட்டுக் கரண்டை முலாம் வேலைக்குத் தோதாக மாற்றித் தரும் பெட்டி அது. பிளாஸ்டிக் தொட்டியில் நிக்கல் கரைசல் பச்சைப் பசேலென்று நிறைந்தது. கழிவுத் தண்ணீர் தென்னைக்குப் போய்விடாமல் இருக்கத் தனியாக ஒரு டிரம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தோம். வளையத்தின் துருவைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, ஆசிடில் முக்கி அலசிக் கம்பியில் தொங்கவிட்டேன். "கை படக் கூடாதுங்க. பட்ட எடத்துல நிக்கல் ஒட்டாதுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வயரை மாட்டத் திரும்பினேன். பிறகு மீட்டரிலேயே கண்ணை வைத்துக்கொண்டு வளையத்தைத் தொட்டியில் இறக்கினேன்.

வெளியே எடுத்தால் கண் கூசியது. ஆனால் உச்சியில், ரூபாய்க் காசு அளவுக்கு, மங்கலாக ஒரு வட்டம். எனக்கு உயிரே போய்விட்டது. ஷெட் போச்சு என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கே தப்பு என்று யோசித்தபடி நிமிர்ந்தபோதுதான் அவர் மோதிர விரலில் காய்ந்திருந்த சந்தனம் கண்ணில் பட்டது.

"ஏனுங்க, பொட்டு வெச்சீங்களா?"

"மொதல் சாமானாச்சே அம்மணி. பொட்டு வெக்காம எப்புடி?"

வந்த கோபத்துக்கு அவரையும் தொட்டியில் முக்கியிருப்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை.

அன்று சாயந்தரமே அவர் வண்டியை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மறுபடி பூசித் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டும் வளையத்தைக் கழற்ற விடவில்லை. ஒருநாள் டீக்கடை முன்னால் நாலு பேரைக் கூப்பிட்டு அதைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

"பளபளன்னு இருக்கறதெல்லாம் எங்கூட்டுக்காரி செஞ்சதுங்க. இந்த ஒரு எடம் மட்டும் நான் செஞ்சதுங்க."