மூன்று நாளாய்த் தெளியாத பியர்

வீட்டில் நான் காய்ச்சும் பியரை மனைவி கழுநீர் என்றுதான் சொல்வாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கிளாசின் அந்தப் பக்கம் விரலை வைத்தால் இந்தப் பக்கம் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, வேலையிடத்து நோர்வேக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். புடிங்குக்குப் போடும் ஜெலட்டினை இளஞ்சூட்டு நீரில் கரைத்து, பியருக்குள் ஊற்றிக் குளிரில் வைக்க வேண்டும். மிதக்கிற ஈஸ்டைப் பிடித்துக்கொண்டு அது அடியில் போய் இருந்துவிடும்.

நாங்கள் இருக்கிற வெஸ்ட்லியில் எங்கள் பல்கணியை விடக் குளிரான இடம் கிடையாது. குழாய் பூட்டிய பியர் வாளியை அங்கே வைத்துவிட்டு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை, லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் மனைவியின் அண்ணன் தொலைபேசி எடுத்து என்னை விசாரித்திருக்கிறார், மச்சான் என்ன செய்கிறார் என்று. இவள் தோசை சுட்டபடியே சொன்னாள்: "இன்னும் தெளியேல்லை அண்ணை. மூண்டு நாளாப் பல்கணியிலைதான். குளிருக்கை கிடந்தாத் தெளியுமாம்."

தெளியவில்லை என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான், குடிவெறி. ரயில் மாறி ஏறி, ஒன்றரை மணித்தியாலத்தில் லில்லெஸ்ட்ரோம் மச்சான் வாசலில் நின்றார். ஜக்கெட் பையில் நாலு தேசிக்காய், எலுமிச்சைப் புளிப்புக்கு வெறி முறியும் என்று என் தலையில் தேய்க்க.

"நீர் எழும்பி நடக்கிறீரே?" என்று முகத்துக்குக் கிட்ட வந்து மோந்து பார்த்தார். பிறகு என்னைச் சோபாவில் இருத்திப் புத்தி சொல்லத் தொடங்கினார்.

"பிள்ளை படிக்கிற வீடு. தகப்பன் பல்கணியிலை கிடந்தா வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்?"

நான் சாதாரணமாகவே வாய் திறக்காதவன். மச்சானுக்கு முன்னால் இன்னும் மோசம். "மச்சான், அது பியர்," என்றேன்.

"தெரியும். எல்லாரும் பியரிலைதான் துவங்கிறது."

குசினிக்குள் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வந்து விளங்கப்படுத்திய பிறகுதான் அவர் மெல்லச் சொன்னார், ரயிலில் வரும்போதே பேர்கனில் இருக்கும் இளைய தங்கைக்கும் நான் குடித்துக் கிடப்பதாகச் சொல்லிவிட்டாராம். இவர்கள் குடும்பத்தில் நான் வெறியில்லாத மாப்பிள்ளை. எனக்கிருக்கிற ஒரே பட்டம் அதுதான்.

"தங்கச்சிக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ மச்சான்," என்றேன்.

"முதல் சாமானைக் காட்டும்."

பல்கணியில் வாளியின் குழாயைத் திறந்தேன். பொன் நிறத்தில் இறங்கியது. கிளாசுக்கூடாக மச்சானின் சட்டைப் பொத்தான்களை எண்ணலாம். எனக்கே நம்ப முடியவில்லை.

"இது கடையிலை வாங்கி ஊத்தினது," என்றார்.

மூடியைத் திறந்து காட்டினேன். சாட்சி சொல்ல வேண்டுமே என்று ஒரு வாய் குடித்தார். நிச்சயப்படுத்த இன்னொரு வாய். பிறகு காலிக் கிளாசை என்னிடம் நீட்டினார். இரண்டாவதும் முடிந்த பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"தங்கச்சி, பயப்பிடாதை! மச்சான் தங்கமான மனிசன். நானே ரெண்டு கிளாஸ் குடிச்சுப் பாத்திட்டன், திறம் சாமான்!"

எனக்காக இவ்வளவு உரத்து அவர் ஒருநாளும் கதைத்ததில்லை.

அவர் தொலைபேசியை வைத்து ஒரு நிமிடம் ஆகவில்லை, மனைவியின் தொலைபேசி அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி அழுத்தினாள்.

"அக்கா," என்று பேர்கனிலிருந்து அழுகைக் குரல் வந்தது, "அத்தான் எங்கடை அண்ணையையும் கெடுத்துப் போட்டாரே?"