பெருக்கல் குறி போட்ட சுவர்

எங்கள் வீட்டுக்குள் கக்கூஸ் கட்டப் புறப்பட்ட கதையை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரிக்கும்படியாகத்தான் நானும் சொல்வேன். ஆனால் சுவர் விழுந்ததோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு இதுவரை வாய் வந்ததில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில் எங்களுடையது லைன் வீடு. ஒன்றையொன்று ஒட்டினாற்போல், மண்சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வரிசை. எங்கள் அடுப்பில் கருவாடு வறுத்தால் பக்கத்து வீட்டில் சோறு கேட்பார்கள். கக்கூஸ் லைனின் கோடியில், எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. காலையில் தகர டப்பாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்பது எங்களுக்குப் பழகிப்போன காரியம். அதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்பதே அக்காவின் மாமியார் வந்துபோன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்காவை அரக்கோணத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமான மறுமாதம் விருந்துக்கு வந்த மாமியார், ஒரு காலை நேரம் அந்த வரிசையில் டப்பாவோடு நிற்க நேர்ந்தது. ஊருக்குப் போய் அதையே ஒரு வருஷம் சொன்னார். அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர அம்மா கேட்டபோது, "வூட்டுக்குள்ள கக்கூஸ் கட்டிட்டு வந்து கூப்புடுங்க, அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அழைத்துவருவதாகப் பேச்சு. அதற்குள் கட்டியாக வேண்டும். அக்கா வந்தால் இரட்டைப் பின்னல் போட்டுவிட ஆள் கிடைக்கும் என்று நான் நாளெண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பெங்களூரில் கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். தினமும் ரயிலில் போய்வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "மொத்தமா எங்கிட்ட வுட்டுடுங்க மாமா. கொத்தனாரு, ப்ளம்பரு, எலக்ட்ரீஷியன் எல்லாம் நம்ம ஆளுங்க. நாப்பது நாள்ல முடிச்சுக் குடுத்துடறேன்" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்பா சுரங்கத்தில் மரவேலை கேங்குக்கு மேஸ்திரியாக இருந்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, பூமிக்கடியில் லெவல் லெவலாக வெட்டிய சுரங்கத்தில் பாறை சரிந்துவிடாமல் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. சுரங்கத்தை மூடி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் காலை ஐந்து மணிக்கே எழுந்து, ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, பிறகு போவதற்கு இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

"கேஜில எறங்கி ஒரு லெவல் பூரா ஆள மேச்சவன் நானு," என்றார் அப்பா. "நாலு பேர பார்த்துக்க எனக்கு இன்னொருத்தன் வேணுமா? கான்ட்ராக்டுனா இன்னா? நம்ம வூட்டு வாசல்ல நாமே கைய கட்டிக்கினு நிக்கறதுதான?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு மாமா எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து அப்பாவின் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஷிப்ட் எழுதினார். கொத்தனாருக்குக் காலை ஷிப்ட், ப்ளம்பருக்கு மத்தியானம், எலக்ட்ரீஷியனுக்குச் சாயங்காலம். சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் ஆட்கள் மேலே ஏறிய பிறகு அடுத்த ஷிப்ட் இறங்கும். அடுத்து வருகிறவன் என்ன செய்ய வேண்டும் என்பதை அப்பா பாறையிலேயே சாக்பீசால் எழுதிவைத்துவிட்டு வருவாராம். எங்கள் சுவர்களிலும் அப்படியே எழுதினார்.

ஆனால் வீடு சுரங்கமாகத் தயாரில்லை. பின்பக்கம் எழும்பிய புது அறையில் கொத்தனார் காலையில் பூசியதை எலக்ட்ரீஷியன் சாயங்காலம் கொத்தினார். ப்ளம்பர் ஒரு வாரம் வராமல் போக, அதற்குள் தரைக்கு டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. அவர் வந்து அதைப் பெயர்த்துக் குழாய் இறக்கினார். அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஆனால் பரம விரோதிகள். "எவன்யா இத இப்படி பண்ணது?" என்று ஆளாளுக்கு எங்கள் சுவரைப் பார்த்துக் கேட்பார்கள். எனக்கு அது தினமும் நடக்கிற கூத்து.

அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மூணு பேரையும் ஒருநாளு ஒண்ணா வரச் சொல்லுங்களேன்" என்றாள்.

"மூணு ஷிப்டும் ஒண்ணா எறங்குமா?" என்று அப்பா திருப்பிக் கேட்டார்.

ஏழாம் மாதத்துக்குப் பத்து நாள் இருந்தபோது அறை ஒருவழியாக எழுந்து நின்றது. வீட்டின் பின்சுவரை உடைத்து அதற்கு வாசல் வைப்பதுதான் பாக்கி. அந்தச் சுவரின்மேல்தான் கூரையின் உத்தரம் உட்கார்ந்திருந்தது. பாரம் எங்கே இறங்குகிறது என்பதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. அளந்து, தட்டி, காதை வைத்துக் கேட்டு, உத்தரத்துக்குக் கீழே சாக்பீசால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். இரண்டடி தள்ளி, வாசல் வரவேண்டிய இடத்தில், மெல்லிசாக ஒரு கட்டம் வரைந்தார். சுரங்கத்துக்குள் இரண்டு கட்டைகளைப் பெருக்கல் குறியாக வைத்து அடித்திருந்தால் அந்தப் பக்கம் போகாதே, கை வைக்காதே என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகும் ஒருவன் கை வைப்பான் என்று அப்பாவால் நினைக்கக்கூட முடியாது.

சுவர் இடிக்க வந்தவர் புது ஆள். அன்றைக்குப் பார்த்து, இரண்டு நாளாக வராத கொத்தனாரைப் பிடித்துவர அப்பா பேத்தமங்களாவுக்குப் போயிருந்தார். எல்லாம் சுவரில் இருக்கிறது என்ற தைரியம். அம்மா குழாயடியில் இருந்தாள். வந்தவர் மெல்லிசான கட்டத்தைக் கவனிக்கவேயில்லை. பெருக்கல் குறியைப் பார்த்தார். லைனுக்கு வெளியே, சுவர் இடிக்க வருகிற எவருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இங்கே இடி.

"பாப்பா, தள்ளி நில்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சம்மட்டியை ஓங்கினார்.

நாலாவது அடியில் சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டது. அந்த ஆள் சம்மட்டியைப் போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். உத்தரம் இறங்கி, தகரம் கடகடவென்று சரிந்து, சுவர் மொத்தமும் புது கக்கூஸின் மேல் போய் விழுந்தது. புழுதி அடங்கியபோது பக்கத்து வீட்டுச் சுவரும் பாதி போயிருந்தது. உள்ளே அந்த வீட்டு அத்தை கையில் கரண்டியோடு நின்றாள். "இன்னாடி ஆச்சு?" என்று தன் அடுப்படியிலிருந்தே என்னைக் கேட்டாள்.

வழக்கமாக நான் கதையை முடிக்கிற இடம் இது.

அப்பா வந்தார். அந்த ஆள் அழாத குறையாக, "நீங்கதான மார்க் போட்டு வச்சீங்க சார்" என்றார். "மார்க் என்னுதுதான். நீ போப்பா" என்றார் அப்பா. அம்மா சொல்லியனுப்பி மாமாவும் வந்தார். அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எதிர்த்துப் பேசவாவது அப்பாவுக்கு ஏதாவது கிடைத்திருக்கும். "என் ஆளுங்க எல்லாம் ஒயிட்பீல்டு சைட்டுல மாட்டிக்கினு கீறாங்கக்கா. இனிமே ரெண்டு மாசம் ஆவும்" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். இரண்டு மாதம் என்றால் அக்காவுக்கு ஒன்பது, அதற்குமேல் பயணம் அனுப்பமாட்டார்கள். அம்மா இடிந்த மண்ணின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. ஆனால் அன்றைக்கு அவர் நின்ற நிலையை நினைத்தால் அந்தக் கோபமும் நிலைப்பதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா தன்னந்தனியாகக் கூரைக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். செல்போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அக்கா. ரொம்ப மெதுவாகப் பேசினாள்.

"வேல முடிஞ்சுதாடி?"

முடிந்த அழகை நான் நடித்தே காட்டினேன். பெருக்கல் குறி, சம்மட்டி, கரண்டி அத்தை, ஒன்றையும் விடவில்லை. அக்கா சிரிக்கவில்லை. 

"இடிஞ்ச எடத்துல ஒரு கோணிய கட்டி மறைச்சா போதும்னு அம்மாகிட்ட சொல்லுடி," என்றாள். "எனக்கு கக்கூஸே வாணாம். நான் டப்பா எடுத்துக்கினு போய் வரிசையிலயே நிக்கறேன். எப்படியாவது பேசி இட்டுக்கினு போவச் சொல்லு."

"இவ்ளோ பெரிய வயித்த வச்சிக்கினா?" என்று நான் சிரித்தேன்.

"சொல்லிடு, இன்னா?" என்றாள். பின்னால் யாரோ அதட்டுகிற குரல் கேட்டது. வைத்துவிட்டாள்.

அக்கா அங்கேயே பெற்றாள். குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோதுதான் அவளை முதல்முறையாக இரண்டு நாளுக்கு அனுப்பினார்கள். முன்பல் ஒன்று இல்லை. வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். மாமா கட்டி முடித்திருந்த கக்கூஸைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். மூன்றாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

அக்கா சொல்லச் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவேயில்லை. அவள் எங்களைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அந்தப் பொது வரிசையில் நிற்கிறேன் என்று ஒருத்தி கெஞ்சினால், அவள் இருக்கிற இடம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கோணியைப் பற்றிக் கேட்டால் அப்பா மனசு உடைந்துவிடுவாரே என்று அந்தப் பேச்சை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.