நாலாவது புஷ்

வேனில் ஆயில் பிரஷர் விழுந்துவிட்டது என்றதும், "மெக்கானிக் எதுக்கு? நானே பிரிச்சு மாட்டறேன்" என்று சொன்னவன் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் லேத்தில் நிற்கிறவன் என்கிற திமிர். அந்த வேனில்தான் என் மனைவி காலையில் இட்லியும் பொங்கலும் விற்கிறாள். வேன் படுத்ததும் அவள் வியாபாரமும் படுத்துவிட்டது. "ஞாயித்துக்கிழம ஆயிடும்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆயிடும் என்றேன்.

ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துக்குள் வேன் நுழையாது. இன்ஜினை மட்டும் கழற்றித் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வாசலில் பெஞ்சின் மேல் ஏற்றியிருந்தேன். மாட்ட வேண்டியது நாலு வளையம். இன்ஜினுக்குள்ளே கேம் ஷாஃப்ட் என்கிற தண்டு சுற்றுகிற துளைகளுக்குள் அடித்து இறக்குவது. பெட்டியில் பேரிங் என்று போட்டிருந்தாலும் எங்கள் வாயில் அது புஷ். ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை உண்டு. இன்ஜின் பிளாக்கில் இருக்கிற ஆயில் ஓட்டைக்கு நேராக அது உட்கார வேண்டும். தப்பினால் ஆயில் ஏறாது, இன்ஜின் காலி. அடிக்கும் முன் ஓட்டைக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

வேலை தொடங்கும் முன் அவள் கற்பூரம் காட்டி, பிளாக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். தாம்பாளத்தில் இருந்த புஷ்களுக்கும் ஆளுக்கொரு பொட்டு. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு லேத்துக்குப் பொட்டு வைக்கிறவனே நான்தானே.

மூன்று புஷ் அழகாக இறங்கின. அதற்குள் சந்தே கூடிவிட்டது. எதிர்வீட்டில் இருக்கிறவர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் ஏதோ கேட்க, நான் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே ஆயில் எந்த வழியாகப் போகும் என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். பேச்சு ருசியில் நாலாவதுக்குக் கோடு போட மறந்துபோனது. பேசிக்கொண்டே அடித்து இறக்கினேன்.

கடைசியில் ஆயில் ஓட்டைகளில் கம்பி விட்டுப் பார்த்தேன். மூன்றில் போனது. நாலாவதில் முட்டி நின்றது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நொடியில் என் வாய் என்னைக் காப்பாற்றப் பார்த்தது. "அறிவிருக்கா உனக்கு? சந்தனத்த இப்பிடியா அப்புவாங்க? ஓட்ட அடைச்சிக்கிச்சு பாரு!" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். "இது என்ன இன்ஜினா, புள்ளையாரா?"

பக்கத்து வீட்டம்மா "அய்யோ" என்றார். யாரோ சிரித்தார்கள். என் மனைவி முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து, பிளாக்கில் இருந்த பொட்டுகளை எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "எனக்குத் தெரியலங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் புஷ்ஷை வெளியே தட்டினேன். பிளாக்கின் ஓட்டை அதன் முதுகில் வட்டமாகத் தடம் பதித்திருந்தது. புஷ்ஷின் சொந்த ஓட்டை அதற்கு ஒரு விரல் தள்ளி இருந்தது. சந்தனம் ஒரு துளிகூட இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தில் நின்றிருந்தவளையே கோணல் என்று சொல்லியிருக்கிறேன் நான். கூசிப் போனேன். கழற்றியதில் புஷ் நசுங்கிவிட்டது. புதிது வந்து மாட்டும்வரை அவளுக்கு வியாபாரம் கிடையாது.

சமையலறைக்குப் போனேன். பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். "சந்தனம் இல்ல. நான்தான் புஷ்ஷ தப்பா அடிச்சி இறக்கிட்டேன். மன்னிச்சிடு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். "திட்டினது வாசல்ல. மன்னிப்பு மட்டும் அடுப்பாண்டயா?"

நியாயம்தான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் மறுபடியும் வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஆய்த்தா?" என்று, வேலை முடிந்ததா எனக் கன்னடத்தில் ஆரம்பித்து, தமிழில் முடித்தார். "கடைசில சந்தனம்தானா?"

ஒரே ஒரு வார்த்தை, இல்லை என்று சொன்னால் போதும். நான் தலையாட்டிவிட்டேன். திரும்பினால், அவள் நிலைப்படியில் நின்றிருந்தாள்.

புது புஷ் போட்டு இன்ஜினை மாட்டியாயிற்று. வேன் நன்றாக ஓடுகிறது. ஆயில் பிரஷரும் சரியாக நிற்கிறது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை எடுக்கும் முன் அதன் முன் கண்ணாடிக்குக் கீழே பொட்டு வைப்பாள். இப்போது சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாள்.