தோலில் ஒரு துண்டு, கொழும்புக்கு ஒரு போத்தல்

நெஞ்சு நோய் என்றால் டொக்டர் சொல்வதை ஊர் கேட்டுக்கொள்ளும். தோல் நோய் எல்லார் கண்ணுக்கும் தெரிவதால் டொக்டருக்கு முன்பே ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். கேகாலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தோல் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள அறுபதுகளின் கடைசியில் போனேன். எண்பதுகள் பிறந்த பிறகுதான் மாற்றல் கிடைத்தது. நோய் பிடிபடாவிட்டால் தோலில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஃபோர்மலின் போத்தலில் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவோம். அதுதான் பயொப்சி. பதில் வர ஒரு மாதம் ஆகும், சிலவேளை இரண்டு. அதுவரை நோயாளிக்குச் சாக்குச் சொல்லிக் களைத்தவர்களுக்கு என் பாடு தெரியும். கலியாணப் பந்தியில் பக்கத்து ஆள் காற்சட்டையைச் சுருட்டிப் படையைக் காட்டும்போது, வாய்க்குக் கொண்டுபோன சோற்றை இலையில் வைத்தவர்களுக்கும் தெரியும்.

பதினோராம் கட்டில்

சன்னாசிக் கிழவர் தோட்டத்து லயத்து அறையில் ஒரு வருஷமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்து, எங்கள் வாட்டில் பதினோராம் கட்டிலுக்கு வந்தவர். இரண்டு கைகளிலும் மரப்பட்டை மாதிரிச் சாம்பல் நிறப் பொருக்கு. அரிப்பு இல்லை என்றார். சொரியாசிஸ் என்றுதான் எனக்குப் பட்டது. உறுதிப்படுத்த ஒரு துண்டு வெட்டினேன். போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்ற அட்டெண்டன்ட் குணபால சிங்களவர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். கிழவரின் கையைப் பார்த்துவிட்டு, "ஹொரி, சேர்" என்றார். சொறியைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சொறி என்றால் அரிக்காமல் இருக்குமா என்று சிரித்தேன்.

மூன்றாம் வாரம் பத்தாம் கட்டில்காரரும் பன்னிரண்டாம் கட்டில்காரரும் சொறிய ஆரம்பித்தார்கள். பிறகு நர்ஸ். பிறகு நான். ஐந்தாம் வாரம் கொழும்பிலிருந்து பதில் வந்தது. பொருக்கு முழுக்கச் சொறிப்பூச்சியும் அதன் முட்டையும். உடம்பு தளர்ந்தவர்களுக்கு அப்படி ஒரு வகைச் சொறி வரும்; அரிப்புக் கொஞ்சம், பூச்சி கணக்கில்லாமல். வாட்டில் இருந்த அத்தனை பேரும் கழுத்திலிருந்து பாதம்வரை வெள்ளை மருந்து பூசிக்கொண்டோம். எனக்கு முதுகில் பூசிவிட்டது குணபாலதான். பூசிக்கொண்டே சொன்னார்:

"நான் அன்னைக்கே ஹொரின்னு சொன்னேன் சேர். நீங்கதான் கொழும்புல கேட்டுச் சொல்றேன்னீங்க."

முள் குத்திய கால்

மாரிமுத்து புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர். எப்போதோ காலில் முள் குத்தியது. அந்த இடத்தில் ஒரு பரு வந்து, ஒன்பது வருஷத்தில் பூக்கோவா மாதிரிப் படர்ந்துவிட்டது. பாலுண்ணி என்று ஒருவர் சுட்டார். இன்னொருவர் அமிலம் வைத்தார். கடைசியில் புற்றுநோய் என்று முடிவாகி, முழங்காலுக்குக் கீழே எடுப்பதற்கு நாளும் குறித்தாயிற்று. அறுப்பதற்கு முன் தோல் டொக்டரும் ஒரு கையெழுத்துப் போடட்டும் என்று என்னிடம் அனுப்பினார்கள்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேலெல்லாம் மிளகுத்தூள் தூவியதுபோலச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். அது புற்றுநோயின் முகம் இல்லை. சத்திரசிகிச்சை டொக்டரிடம் போய்த் தவணை கேட்டேன். "உங்கள் போத்தல் திரும்பி வருவதற்குள் ஆள் போய்விடுவார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். ஆறு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. பதில் வந்தது: தோலுக்குள்ளே பழைய செப்புச் சல்லி மாதிரிப் பழுப்பு நிற உருண்டைகள். மண்ணிலிருந்து முள்ளோடு உள்ளே போன பூஞ்சணம். அந்த இடத்தை மட்டும் ஆழமாக அறுத்தெடுத்துத் தொடைத் தோலை ஒட்டினால் போதும், கால் தப்பும்.

மாரிமுத்துவைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயதிலிருந்து விடியற்காலையில் மலை ஏறுகிற மனுஷன். கால் போனால் தோட்டத்துக் கேட்டில் உட்கார்ந்து காவல் பார்க்கும் வேலை வாங்கித் தருவதாகக் கங்காணி வாக்குக் கொடுத்திருந்தாராம்.

"அப்ப அந்த வாச்சர் வேலை இல்லைங்களா ஐயா?"

சூடு தாங்கும் கை

மாவனல்லையில் நிஸாம் நானாவின் கடையில் நான் பல வருஷமாகத் தேநீர் குடித்து வந்தேன். அங்கே பலகாரம் போடும் ஆறுமுகத்தின் கை ஊருக்கே வேடிக்கை. கொதிக்கிற தண்ணீர்ப் பானையின் மூடியைத் துணியில்லாமல் தூக்குவார். நானும் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் அவர் பிளேன்டீயை என் முன்னால் வைத்தபோதுதான் சுண்டுவிரல் மடங்கியிருப்பதைக் கண்டேன். விரல்களில் பழைய, புதிய சூட்டுக் காயங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே முழங்கையின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். நரம்பு தேங்காய்நார்க் கயிறு மாதிரித் தடித்துக் கிடந்தது. சூட்டைத் தாங்கியது அவரல்ல. சூடு அவருக்குத் தெரியவேயில்லை. இத்தனை வருஷமாக நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, முதுகில் இருந்த வெளிறிய படையில் பஞ்சால் தொட்டேன், அவருக்குத் தெரியவில்லை. துண்டு வெட்டி அனுப்பினேன். குஷ்டம்தான். மாத்திரை தொடங்கினோம். ஆறுமுகத்தின் பிழைப்புப் போய்விடுமே என்று நானாவிடம் நானே போனேன். மருந்து எடுத்தால் பயமில்லை, அடுப்பிலிருந்து மட்டும் மாற்றுங்கள் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். நானா தேநீரை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"இவ்வளவு காலமும் அவன் போட்டதத்தானே நீங்களும் தின்டீங்க டொக்டர், உங்களுக்கு ஒன்டும் ஆகல்லையே. அவன் கல்லாவுல இருக்கட்டும்."

பொத்தான் துளை

இராசம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். முகத்திலும் முதுகிலும் சதைக் கட்டிகள். தொழுநோய் என்று லயத்தில் முடிவு கட்டி, எல்லாருக்கும் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. எல்லாரும் பிடித்து முடித்த பிறகு, இருட்டோடு போய்ப் பிடித்து வந்தார். கணவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கட்டியை விரலால் அழுத்தினேன். சட்டைப் பொத்தான் துளைக்குள் போவதுபோல உள்ளே போய், விட்டதும் வெளியே வந்தது. தொட்ட இடமெல்லாம் உணர்ச்சி இருந்தது. முதுகில் பால்தேநீர் சிந்தியது போன்ற மறுக்கள். நரம்பின் உறையிலிருந்து வளர்கிற கட்டிகள் என்று பயொப்சியும் சொன்னது. தொற்றுகிற நோயே இல்லை. தோட்டத்துக்கே போய், பீலிக்கு முன்னால் நின்று, அவர் குடத்திலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, "இது யாருக்கும் ஒட்டாது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மறுவாரத்திலிருந்து அவரை வரிசையில் நிற்க விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வருஷத்தில் நான் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

நான்கு வருஷம் கழித்து வந்தார். கூட மகள், பதின்மூன்று வயது. சட்டையின் பின்பக்கத்தை இராசம்மாவே தூக்கிக் காட்டினார். பிள்ளையின் முதுகில் அதே பால்தேநீர் மறுக்கள், தோளில் ஒரு சின்னக் கட்டி. தொற்றாது, ஆனால் பிறப்போடு பிள்ளைக்கு இறங்கலாம் என்பதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பீலியில் நின்றவர்கள் பாதியை மட்டும் காதில் வாங்கியிருப்பார்கள் என்பது என் நியாயம். அவரிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னேன். அவர் கத்தவில்லை. சட்டையை இறக்கிவிட்டு, மகளின் பின்னலைச் சரிசெய்துகொண்டே கேட்டார்:

"ஒட்டாதுன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

நோயைக் கண்டுபிடிப்பதோடு என் வேலை முடிந்துவிடும் என்று நம்பித்தான் இந்தப் படிப்பைப் படித்தேன். கண்டுபிடித்ததை ஆளிடம் சொல்வதும் அதே உத்தியோகத்தில் சேருமா என்று பரீட்சையில்கூட ஒருவரும் கேட்கவில்லை.