எண்ணெய் தெறித்த இடம்

என் உதட்டோரம் வெளுத்திருப்பதை முதலில் பார்த்தது அம்மாதான். காபியை ஆற்றிக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பல் பொடியோ பவுடரோ என்று நினைத்து முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. உடனே எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

அப்போது நங்கநல்லூர் வரன் ஒன்று கிட்டத்தட்டத் திகைந்திருந்தது. ஜாதகம் பொருந்தியாயிற்று. அவரும் நானும் அடையாறில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேசியும் ஆயிற்று. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் என்ன வெட்கம், ரொம்பவே பிடித்திருந்தது. அவருடைய அம்மா வந்து என்னை நேரில் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

தி.நகரில் ஒரு தோல் மருத்துவமனைக்குப் போனோம். கீழ்த்தளத்தில் சொறி, சிரங்கு, என்னைப் போன்றவர்கள். உட்கார பிளாஸ்டிக் நாற்காலி. மேல்தளத்தில் முகத்தைப் பளபளப்பாக்கிக்கொள்ள வருகிற கல்யாணப் பெண்கள். அவர்களுக்கு சோபா, குடிக்க இளநீர். கீழ்த்தள டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இது வெண்புள்ளி, யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பரவத் தொடங்குவதற்குள் ஒளி சிகிச்சையை ஆரம்பித்தால் நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் வர வேண்டியிருக்கும். தள்ளிப்போட்டால் அவரால் எதுவும் உறுதி சொல்ல முடியாது.

ஆபீஸ் இன்ஷூரன்ஸ் எதற்கு இருக்கிறது என்று தெம்பாகத்தான் போன் செய்தேன். எடுத்த பெண் தேன் ஒழுகப் பேசினாள். என் சிகிச்சை அழகுப் பிரிவில் வருகிறதாம், அதற்குப் பணம் கிடையாதாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முகம் வெளுத்துப்போவது எந்த ஊரில் அழகு, நீ ஒருநாள் வெளுத்துப் பார் என்று கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள்.

கையில் இருந்ததைப் போட்டு ஆரம்பித்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அந்தக் கை அம்மாவின் கை. என் சம்பளம் அவள் கணக்குக்குத்தான் போகும், கல்யாணச் செலவுக்குச் சேர்க்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள் அந்த வாசலில் நின்றால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டாள். அதற்கும் மேலே ஒன்று சொன்னாள்.

"கல்யாணம் ஆகட்டும். மாப்பிள்ளை ஆபீஸ் இன்ஷூரன்ஸ் பெரிசு. அதுல பாத்துக்கலாம்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாததை இன்னொன்று ஒத்துக்கொள்ளும் என்று நம்பி, நானும்தான் பேசாமல் இருந்தேன்.

பையனின் அம்மா வந்த அன்றைக்கு அம்மா ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். அந்த அம்மாள் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பியதுமே, போன மாசம் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்றாள் அம்மா. அப்பளம்! நான் அடுப்பங்கரைக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே போகிறவள். ஆனால் அந்த அம்மாளுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் எந்தப் பெண் வாணலி பக்கம் போகிறாள் என்று என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். வியாதி என்றால் எழுந்து போயிருப்பாள். சூடு பட்டது என்றதும், என் தங்கை காபி கொண்டு வருவதற்குள் ஒரு பஜ்ஜி கூடவே சாப்பிட்டாள்.

பொய்யில் ஒரு கோளாறு இருந்தது. சூடு பட்ட இடம் வளராது.

நிச்சயதார்த்தத்துக்கு வளையல் வாங்க பாண்டி பஜாருக்குப் போயிருந்தோம். கடைக்காரர் என் விரல்களைக் குவித்து வளையலை ஏற்றும்போது முட்டிகளில் மூன்று வெள்ளைப் பொட்டு. அம்மாவும் பார்த்தாள். வளையல் பெரிதாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் சொல்லி என் கையை உருவினாள். வீடு வரும்வரை ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான்தான், இப்போதாவது சிகிச்சையை ஆரம்பிக்கலாம், அவரிடம் நானே உண்மையைச் சொல்கிறேன், அவர் புரிந்துகொள்வார் என்று புலம்பிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வரும்போது அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். நங்கநல்லூர்தான். பெரியவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம் என்றாள். குரலில் அத்தனை வருத்தம், எனக்கே பரிதாபமாகிவிட்டது. அதோடு விட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

"இப்படிப்பட்ட சம்பந்தத்தை விட மனசே இல்லை, மாமி. என் சின்னவளை நீங்க பாத்திருக்கேளே, அன்னிக்குக் காபி கொண்டு வந்தாளே."

ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு மேற்கொண்டு பேசினாள். அடையாறில் என்னோடு பேசிய அவர் சரி என்றாரா, யோசித்தாரா, என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் தெரியும். பெற்றவள் மேல் அப்படி ஒரு வெறுப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் தங்கையை அதே தி.நகர் ஆஸ்பத்திரியின் மேல்தளத்துக்கு அனுப்பினாள் அம்மா. துடைத்து வைத்தாற்போன்ற முகம் அவளுக்கு, ஒரு பருகூடக் கிடையாது. என் ஒளி சிகிச்சைக்கு இல்லாத பணம் அவளுடைய பளபளப்புக்கு வந்தது, தெரிந்தவர் பார்ப்பார்கள் என்ற பயமும் போயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது என்று துணைக்கு என்னை அனுப்பினாள். சோபாவில் தங்கையின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தங்கை வெளியே வந்து போன் கேமராவில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். லேசர் போடுவதற்கு முன்னால் டாக்டர் என்னவெல்லாமோ கேட்டார் என்றாள்.

"நம்மாத்துல யாருக்காவது வெண்புள்ளி உண்டான்னு கேட்டார். யாருக்கும் இல்லேன்னுட்டேன்."

அவள் பையை வாங்கித் துழாவி, ஒரு மாஸ்க்கை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோ அக்கா. டாக்டர் வெளில வரார்."