நாலு பக்கமும் சமம்

அந்தப் பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளி முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவர் ‘எட்டுமூலை’தான். சம்பள நாளில் முதலாளி முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார் என்று அவரே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

பட்டறையில் செய்வது சாலைப் பலகைகள். வளைவு வருகிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, மெதுவாகப் போ என்று தெருவோரம் நின்று சொல்லிக்கொண்டே இருக்குமே, நாமும் கேட்காமலே போவோமே, அந்தப் பலகைகள். அதில் ‘நில்’ பலகை அவருடைய பொறுப்பு. எட்டுப் பக்கம், எட்டு மூலை. சதுரமான அலுமினியத் தகட்டில் நாலு மூலையையும் வெட்டிவிட்டால் எட்டு மூலை வந்துவிடும் என்று கேட்கிறவர்கள் சுலபமாக நினைப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் அப்படித்தான் நினைத்தார். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பங்காகப் பிரித்து, மூலையிலிருந்து ஒரு பங்கு தள்ளிக் கோடு போட்டு, வரிசையாக வெட்டித் தள்ளிவிட்டார். மூலைகள் எட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தன. ஆனால் வெட்டிய பக்கம் நீளம், வெட்டாத பக்கம் குட்டை. ஒரு அடுக்குத் தகடு முழுவதும் அப்படி.

முதலாளி வந்து பார்த்தார். கத்துவார் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் கத்தவில்லை.

“மூலை எட்டும் பிரமாதம்யா. பக்கம் எட்டும் எங்கய்யா ஒண்ணா இருக்கு?”

பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான், பிறகு உரித்தாலும் வரவில்லை. அதற்கப்புறம் அவர் கையை விட்டு ஸ்டீல் ஸ்கேல் இறங்கவில்லை. அறுபது சென்டிமீட்டர் தகடு என்றால் மூலையிலிருந்து பதினேழரைக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்தை அளப்பார், மறுபடி அளப்பார், அரம் போட்டுத் தேய்த்துவிட்டு இன்னொரு தரம் அளப்பார். மூலையை மட்டும் அளக்கவே மாட்டார். அளக்கத் தேவையும் இல்லை. தகடு ஆலையிலிருந்து வரும்போதே நேர்மூலையோடு வந்துவிடும். “பக்கத்த நாம பாத்துக்கிட்டா போதும், மூலை தன்னால வந்துரும்” என்பார். சும்மா சொல்லக் கூடாது, பட்டறையைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

வீட்டில் அவரும், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும். மகளுக்கு அவர் வைத்த பெயர் ‘வக்கீல்’. பேச்சில் அவளிடம் ஜெயித்தவர் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா ஒருவர் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்வார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

அவருடைய மனைவி கடல் தாண்டி ஓர் ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்த காலத்தில், நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிப் பேசித்தான் அவள் போனாள். அஸ்திவாரம் போட்ட சமயத்தில் ஒரு தடவை விடுப்பில் வந்தாள். முழங்கால் உயரச் செங்கல் வரிசைகளுக்கு நடுவே நின்று, “இதுதான் சமையலறையா? இங்க நின்னா தெரு தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்றார். ஜன்னலை அந்தப் பக்கமே வைத்தார். மேடையை அவள் உயரத்துக்கே கட்டச் சொன்னார். அவரோ நெட்டை. தினமும் குனிந்து குனிந்து சமைத்து இடுப்பு விட்டுப்போகிறது. கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு வரிசை உயர்த்தலாமே என்று வக்கீல் எத்தனையோ தடவை வாதாடிப் பார்த்தாள். அது ஒன்றில் மட்டும் அவர் அசையவில்லை. வீடு முடிந்து, வெள்ளை அடித்து, விளக்கெல்லாம் எரிகிறது. அந்த வீட்டில் அவள் இன்னும் ஒரு பொழுதுகூடப் படுத்து எழுந்ததில்லை.

அவர் அவளுக்காக ஏங்கினார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்! பட்டறையில் இரண்டு பேர் சண்டை போட்டால், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஜோடித்துக்கொண்டே வருவார். பட்டறைப் பெயிண்டர் மாதிரி கையை ஆட்டிக் காட்டினால் அவள் எந்த இடத்தில் சிரிப்பாள் என்றுகூடத் தெரியும். கதவைத் திறந்ததும் ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது சொல்லலாம் என்று எடுத்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை ஆறிப்போய், சொல்லுமளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

போனில் அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமே! வானொலியில் செய்தி வாசிக்கிறவர் தோற்றார். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், காய்ச்சல் இல்லை, மோட்டார் ஓடுகிறது, கூரை ஒழுகவில்லை, வேலை இருக்கிறது. தூரத்தில் கிடந்து கஷ்டப்படுகிறவளிடம் நம் புலம்பலையும் கொண்டுபோய் ஏற்றுவதா என்பது அவருடைய நியாயம். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு புதுச் செய்தி சொன்னாள். ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். என்னங்க பண்றது?”

போட்டுவிடாதே, கிளம்பி வா என்று சொல்ல வாயைத் திறந்தார். அவளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதோ, அங்கே நாலு பேர் அவளை மதிக்கிறார்களோ, நாம் போய்க் குறுக்கே விழுவானேன் என்று தோன்றியது.

“உன் இஷ்டம். எங்களப் பத்திக் கவலப்படாத.”

“நான் இல்லாம கஷ்டமா இல்லையா?”

“ஒரு குறையும் இல்ல. எல்லாம் சரியா நடக்குது.”

“சரிங்க” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வக்கீல் கணக்குப் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் முழுக்கப் படங்கள். இவற்றில் ஒழுங்குப் பலகோணங்கள் எவை, ஒழுங்கற்ற பலகோணங்கள் எவை என்று கேள்வி. எட்டுமூலைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மகளின் பாடத்தில் முதல் தடவையாக அவருடைய சொந்தச் சரக்கு வந்திருக்கிறது! மூன்று பக்கமும் ஒன்றாக இருக்கும் முக்கோணம், ஒழுங்கு. செவ்வகம், பக்கம் சமமில்லை, ஒழுங்கற்றது. இப்படி மளமளவென்று வந்தவர், கடைசிப் படத்தில் வந்து நின்றார். ஒரு மூலையைக் கீழே ஊன்றிக்கொண்டு நிற்கும் நாலு பக்க உருவம்.

“இது ஒழுங்குதான். எங்க பட்டறைல வெளிநாட்டுக்குப் போற வளைவுப் பலகை இப்பிடித்தான் இருக்கும். சதுரத் தகட்டத் திருப்பி மூலைல நிறுத்துவோம்.”

“கொஞ்சம் நசுங்கின மாதிரி இல்லப்பா?”

“அச்சடிச்சவன் நசுக்கியிருப்பான். இரு.” ஸ்கேலை வைத்து நாலு பக்கத்தையும் அளந்தார். நாலும் ஒரே அளவு. “பாத்தியா? பக்கம் சமமா இருந்தா மூலை தன்னால வந்துரும். எழுது.”

“கோணமானி வெச்சுப் பாக்கட்டுமா?”

“இருபது வருஷமா இதத்தானே பண்றேன்! எழுதும்மா.”

எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை அவர் வேலையிலிருந்து வரும்போது வக்கீல் வாசலிலேயே காத்திருந்தாள். கையில் நாலு அட்டைப் பட்டைகள், ஒரே நீளத்தில் வெட்டி, நுனிக்கு நுனி குண்டூசியால் கோத்தது. செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

“டீச்சர் சிவப்பு மையில அடிச்சுட்டாங்க. அது சதுரமே இல்லையாம், சாய்சதுரமாம். பக்கம் சமமா இருந்தா மட்டும் போதாது, கோணமும் சமமா இருக்கணும். ரெண்டும் இருந்தாத்தான் ஒழுங்குப் பலகோணம்.”

“நாலு பக்கத்தையும் அளந்துதானே சொன்னேன்?”

“இந்தா, நீயே பாரு.”

பட்டைகளைச் சதுரமாக நிறுத்தி மேசைமேல் வைத்தாள். ஒரு விரலால் மேல்பட்டையைப் பக்கவாட்டில் தள்ளினாள். சதுரம் சத்தமில்லாமல் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். இரண்டு மூலை கூர்ந்து, இரண்டு மூலை விரிந்து, உட்கார்ந்தே போயிற்று.

“இப்ப அள.”

அளந்தார். நாலு பக்கமும் அதே அளவு. ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை.

“உங்க பட்டறைல தகடு வரும்போதே மூலை சரியா வந்துருது. அதான் நீ பாக்கவே இல்ல” என்றாள். பிறகு, ஜெயித்த கட்சி பெருந்தன்மையாக நடந்துகொள்கிற மாதிரி, “பரவால்லப்பா, ஒரு மார்க்குதான்” என்றாள்.

அவர் பட்டைகளை நிமிர்த்தி வைத்தார். கை எடுத்ததும் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். வக்கீல் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த வழக்குக்குப் போனாள்.

“அம்மா கையெழுத்துப் போடுவாங்களா?”

“அவ இஷ்டம்.”

“உன் இஷ்டம் என்ன?”

வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பார். பெற்ற பிள்ளை கண்ணைப் பார்த்துக் கேட்கிறது. “அடுப்புல என்னமோ தீயுது பாரு” என்று எழுந்து போனார். அடுப்பே பற்றவைக்கவில்லை.

புதன்கிழமை காலையில் தகட்டில் கோடு போடும்போது அவருக்குக் கை ஓடவில்லை. வாராவாரம் போனில் தான் ஒப்பித்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாப்பாடு, பள்ளிக்கூடம், மோட்டார், கூரை. அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அளந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இந்த வீடு எப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்பதை மட்டும் அவர் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாய்வரை வந்ததைத்தானே விழுங்கித் தொலைத்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஸ்கேலை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

வேலை நாளில் அவர் கூப்பிட்டதே கிடையாது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“என்ன ஆச்சு? பிள்ளைக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா. பள்ளிக்கூடம் போயிருக்கா.”

“அப்ப உங்களுக்கா? வண்டில எங்கயாவது விழுந்தீங்களா?”

“இல்லம்மா.”

“வீட்டுக்கு ஏதாவது...”

“வீடு நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல.”

பட்டறையில் தகடு வெட்டும் மெஷின் போட்டுக்கொண்டிருந்த சத்தத்துக்கு அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். இப்போது விட்டால் இனிச் சொல்ல வராது என்று தெரிந்தது.

“நீ வந்துரு. சம்பாதிச்சது போதும். நீ இல்லாம என்னால முடியல. ஞாயித்துக்கிழம சொல்லியிருக்கணும், சொல்லல. கையெழுத்துப் போடாத, கிளம்பி வந்துரு.”



“காலையிலதாங்க போட்டுக் குடுத்தேன்” என்றாள்.

அவர் தகட்டு அடுக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“வெள்ளிக்கிழமன்னு சொன்னியே?”

“வெள்ளி வரைக்கும் எதுக்குன்னு போட்டுட்டேன். நான் வாய விட்டே கேட்டேனே, கஷ்டமா இல்லையான்னு. ஒரு குறையும் இல்லன்னுட்டீங்க. நான் இல்லாமலே உங்களுக்குப் பழகிருச்சுன்னு நெனச்சேன். அன்னைக்கு இங்க எல்லாருக்கும் சாப்பாடு குடுத்துட்டு, நான் சாப்பிடாமப் படுத்தேன். வந்தா எங்க உக்காருவேன், எனக்கு அங்க என்ன வேல இருக்குன்னு...”

“ஐயோ, அப்பிடி இல்ல. உன்னக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான்...”

“நானும்தான் உங்ககிட்ட நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டுக் கெடந்தேன்.”

“திருப்பி வாங்க முடியாதா? கேட்டுப் பாரேன்.”

“முடியாதுங்க. போட்டா போட்டதுதான். நடுவுல விட்டா இனிமே எங்கயும் சேக்க மாட்டாங்க, இத்தன வருஷத்துக்குச் சேரவேண்டியதும் கைக்கு வராது.”

தூரத்தில் அவளை யாரோ ஒரு முதியவர் கூப்பிடுவது அவருக்குக் கேட்டது. அவள் போகவில்லை.

“மொதல்ல ஒண்ணு சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க.”

“எது?”

“நான் இல்லாம என்னன்னு.”

சொன்னார். அதே நேரம் மெஷின் ஒரு தகட்டை வெட்டிப் போட்டது.

“கேக்கலைங்க. ரெண்டு வருஷத்துக்கும் இத வெச்சுத்தான் நான் ஓட்டணும். சத்தமாச் சொல்லுங்க.”

பெயிண்டரும் முதலாளியும் கை வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்க, அவர் தொண்டை கிழியச் சொன்னார்.